பனிப்பாலத்து மடு

முதல் மடுவின் கரையில், பனியின் மேல், இரண்டு முழங்கால் தடங்கள் இருந்தன.

அவற்றைப் பார்த்ததும் தொகுஜிக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். குளிர்காலத் தடை நீங்கி, மீன்பிடிக்க ஆற்றைத் திறந்துவிட்ட முதல் நாள். எவனோ விடியும் முன்பே வந்து முந்திக்கொண்டான் என்று நினைத்தார். நமக்கு முன்னால் ஒருவன் ஆற்றில் ஏறிப் போயிருந்தால் அவன் பின்னாலேயே போய்த் தொந்தரவு செய்வது அந்தப் பக்கத்தில் மரியாதை இல்லை; பேசாமல் வந்த வழியே இறங்கிவிட வேண்டும். இறங்கத்தான் திரும்பினார். அப்போதுதான் வந்தவனின் காலடி எங்கே என்று கண் தேடியது. கரையெல்லாம் பனி முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. இரவுக் குளிரில் அதன் மேல் ஓடு மாதிரி ஒரு பாளம் இறுகியிருந்தது, நரி ஒன்று குறுக்கே போன அடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. மனிதக் காலடி ஒன்றும் இல்லை. வந்ததும் இல்லை, போனதும் இல்லை. மடுவை ஒட்டித் தட்டையாக ஒரு பாறை, அதன் மேல் பனி, பனியில் யாரோ மண்டியிட்ட இரண்டு குழிகள், அவ்வளவுதான். இடது குழி ஆழமாக இருந்தது. வலது குழி பட்டும் படாமலும் இருந்தது.

மினேயின் வலது முழங்கால் சரியாக மடங்காது. பாரத்தையெல்லாம் இடது காலில் போட்டுத்தான் அவள் மண்டியிடுவாள்.

மினே அவருடைய மனைவி. போன வருடம் இதே ஆற்றில், இதே போலப் பனி உருகத் தொடங்கிய நாளில் போய்விட்டவள். கோடை முழுக்கத் தேடியும் உடல் கிடைக்கவில்லை. கீழே தடுப்பணையில் அவளுடைய தொப்பி மட்டும் ஒதுங்கியது. அதை எரித்த சாம்பலைத்தான் கல்லறையில் வைத்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். குழிகள் அங்கேயே இருந்தன. அவற்றின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது, அப்போதுதான் சொட்டியது போல.

அன்று காலை கென்சோவின் கடையில் நடந்தது நினைவுக்கு வந்தது. மலை அடிவாரத்தில் அதுதான் கடைசிக் கடை. டோஃபு, பாட்டரி, மீன்பிடிச் சீட்டு எல்லாம் அங்கேதான்.

"வாங்க தொகுஜி அண்ணே. மொத நாளே வந்துட்டீங்க. மீனு இன்னும் போர்வைய விட்டே எந்திரிக்கல."

"எழுப்பி விடத்தான் வந்திருக்கேன். ரெண்டு சீட்டு குடு."

கென்சோவின் கை நின்றது. வாய் ஓயாத மனிதர் அவர். சீட்டுப் புத்தகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தொகுஜியின் பின்னால் நின்ற மகள் கயோ மெல்ல, "அப்பா..." என்றாள். அப்போதுதான் அவருக்கே தான் கேட்டது என்னவென்று உறைத்தது. ஆனாலும் மாற்றிச் சொல்லவில்லை. கென்சோ இரண்டு சீட்டையும் கிழித்துக் கொடுத்தார்.

"மேல பாத்துப் போங்கண்ணே. குளிர்ல மலைச்சரிவு எறங்கி கல்மடுவ அப்பிடியே மூடிருச்சு. மடு இருந்த எடமே தெரியல. பனிப்பாலம் மட்டும் போன வருஷம் மாதிரியே மறுபடி கட்டிக்கிட்டு நிக்குது. அது பக்கம் போயிராதீங்க."

"ம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

காரை நிறுத்திய இடத்தில் மகளோடு சின்னச் சண்டை. அம்மாவின் வருட நினைவு நாளுக்கென்று செந்தாய் நகரத்திலிருந்து விடுப்புப் போட்டு வந்திருந்தாள் கயோ.

"நானும் வரேன்பா."

"வேணாம். நீ கார்லயே இரு. இது நானும் அம்மாவும்..."

"உங்க ரெண்டு பேருக்கு நடுவுல எனக்கு எடமே கெடையாதா? எனக்கும் அவ அம்மாதானே?"

அவர் கால்சட்டைக்கு மேல் ரப்பர் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, குனிந்து அவருடைய வாரை இறுக்கிக் கட்டினாள்.

"மத்தியானம் பனி உருகி ஆறு ஏறும். அதுக்கு முன்னாடி எறங்கி வந்துரணும். இல்லேன்னா நானே ஏறி வருவேன். சும்மா சொல்றேன்னு நெனைக்காதீங்க."

"வந்துருவேன்டி. உன்மேல சத்தியம்."

அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். முதல் மடுவுக்குக் கீழே உள்ள திருப்பத்தில் நின்று, பழக்க தோஷத்தில், வாய்விட்டே சொன்னார்: "மினே, நீ மொதல்ல." சொல்லிவிட்டுத் திருப்பத்தைத் தாண்டி வந்தால் இந்தக் குழிகள்.

அந்தக் குடும்பத்தில் மடு முறை வைத்துத்தான் மீன் பிடிப்பார்கள். மடு ஒன்றுக்கு ஒருவர். முதலில் மினே, பிறகு அவர், கடைசியில் கயோ. ஒருவர் கரையில் மண்டியிட்டு, இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைத் தண்ணீரின் மேல் தொட்டுத் தொட்டு எடுக்கும்போது, மற்றவர்கள் பின்னால் ஒரு பாறையில் உட்கார்ந்திருப்பார்கள். தூண்டில் கோலை மடியில் குறுக்கே வைத்து, கையை முழங்காலில் வைத்து, சத்தம் போடாமல். முறை மாறும்போது பேச்சுக் கிடையாது. காத்திருப்பவர் தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையை மேலே காட்டி, அடுத்த மடுவை நோக்கி நீட்டுவார். உங்கள் முறை, போங்கள் என்று அர்த்தம். வேண்டாமென்றால் "நான் விட்டேன்" என்று சொல்ல வேண்டும். மடு அடுத்தவருக்குப் போய்விடும். கயோ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நல்ல மடு வந்தாலே தொகுஜி "நான் விட்டேன்" என்பார். பிள்ளை துள்ளிக்கொண்டு ஓடும். மினே தன் கோலின் பிடியை முன்னால் நீட்டி அவள் கையில் கொடுப்பாள். கொடுத்துவிட்டு இவரைப் பார்த்து, "மகள்னா மட்டும் தாராளம். எனக்கு என்னிக்காவது ஒரு மடு விட்டுக் குடுத்திருக்கீங்களா?" என்று சீண்டுவாள்.

கயோ வேலைக்குப் போன பிறகு இரண்டு பேர் மட்டும். மினே, அவர், மினே, அவர். இந்த ஆற்றில் ஐந்து மடு. நான்காவது கல்மடு, ஐந்தாவது பனிப்பாலத்து மடு.

அவர் திரும்பிப் போகவில்லை. காத்திருக்கும் பாறையின் பனியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். மினே ஒரு மடுவில் தூண்டில் போட்டு முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம், வெறும் தண்ணீரையும் அந்த இரண்டு குழிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். பீச் மரங்களின் கிளையிலிருந்து பனி அவ்வப்போது பொத்தென்று விழுந்தது. ஆறு அதன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பயம் இன்னும் வரவில்லை. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் லேசாக அசைந்த மாதிரிதான் இருந்தது.

இரண்டாவது மடு அவருடையது. மண்டியிட்டுக் கோலை நீட்டினார். மூன்றாவது வீச்சில் ஒரு இவானா மீன் மேலே வந்து கவ்வியது. குளிர்காலம் முழுக்கப் பட்டினி கிடந்து கறுத்து, தலை மட்டும் பெரிதாகத் தெரிந்த மீன். நனைந்த கையால் தூண்டில் முள்ளை எடுத்து மீனை விட்டுவிட்டார். அப்போது பின்னால் டக் என்று ஒரு சத்தம். தூண்டில் கோலின் மூங்கில் பிடியைப் பாறையில் வைக்கும் சத்தம். இந்த மலையில் வேறு எதற்கும் அந்தச் சத்தம் வராது. அவர் உடனே திரும்பவில்லை. முதுகில் யாரோ பார்க்கும் உணர்வு இருந்தது, வீட்டில் சமையலறையிலிருந்து மினே எட்டிப் பார்ப்பது தெரியுமே, அந்த மாதிரி. திரும்பினால் போய்விடுமோ என்று கொஞ்ச நேரம் அப்படியே மண்டியிட்டிருந்தார். பிறகு திரும்பினார். காத்திருக்கும் பாறையில் யாரும் இல்லை. பாறையின் மேல் இருந்த பனி மட்டும் ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்குக் கரைந்து, கறுப்புக் கல் ஈரமாகத் தெரிந்தது.

"மெதுவா வா," என்றார் காற்றைப் பார்த்து. "கால் வழுக்கும்."

மூன்றாவது மடுவை நெருங்கும்போதே வாசனை வந்துவிட்டது. பனியைக் குத்திக்கொண்டு முதலில் தலைகாட்டும் அந்தக் கசப்பு மொட்டின் வாசனை. ஏறும் வழியெல்லாம் மினே அதைக் கிள்ளிக் கிள்ளிப் பையில் போட்டுக்கொள்வாள், வீட்டில் மிசோவோடு வதக்குவாள், அவள் விரலில் நாள் முழுக்க அந்தக் கசப்பு இருக்கும். மடுவின் கரையில் குட்டை மூங்கில் இலைகளைப் பரப்பி, அதன் மேல் ஒரு மீன் வைக்கப்பட்டிருந்தது. செவுளில் மெல்லிய மிலாறுக் குச்சி கோத்து, தலையை மேற்குப் பக்கம் வைத்து, அவள் வைக்கிற அதே ஒழுங்கில். மீன் இன்னும் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. வாய்க்குள் ஒரு பொய்ப்பூச்சி. பழுப்பு இறகு, கழுத்தில் சிவப்பு நூல்.

அந்தச் சிவப்பு நூல் கயோ சிறுமியாக இருந்தபோது போட்ட ஸ்வெட்டரில் பிரித்தது. அந்த நூலில் அவர் கட்டிய பூச்சி ஒன்றே ஒன்றுதான். போன வருடம் அன்று காலையில்தான் மினேயின் தூண்டில் நரம்பில் தன் கையாலேயே முடிந்துவிட்டார்.

தொகுஜி பனியில் உட்கார்ந்து அழுதார். கல்லறை முன்னால் வராத அழுகை, பிரேதமில்லாத சடங்கில் வராத அழுகை, இந்த மீனுக்கு முன்னால் வந்தது. "இங்கதான் இருந்தியா, இங்கேயேதான் இருந்தியா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பூச்சியை எடுத்தபோது முள்ளில் நீளமாக ஒரு நரைமுடி சுற்றியிருந்தது. அதைப் பிரித்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டார். பையிலிருந்த சோற்றுருண்டை இரண்டில் ஒன்றை இலையில் வைத்துவிட்டு மற்றதைத் தின்றார். உள்ளே வைத்த உப்பு ப்ளம்முக்கும் கண்ணீருக்கும் ஒரே ருசி. வெயில் முதுகில் விழுந்தது. வெயிலின் சூடு ஒரு வருடத்தில் முதல் தடவையாக உடம்பில் உறைத்தது.

எவ்வளவு நேரம் இருந்தாரோ தெரியாது. சத்தம் மாறியதும்தான் தலை தூக்கினார். ஆற்றின் அடியில் கல் உருளும் சத்தம். தெளிந்திருந்த தண்ணீர் பால் கலந்த பச்சையாக மாறியிருந்தது, சுள்ளிகள் மிதந்து வந்தன. இலையில் வைத்த சோற்றுருண்டையைத் தண்ணீர் தொட்டுவிட்டது. மீன் இல்லை.

பனி உருகத் தொடங்கிவிட்டது. கயோவுக்குச் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. அவசரமாக எழுந்து இரண்டடி கீழே இறங்கினார்.

நின்றார்.

கூட வந்தவரை ஆற்றின் மேல்பக்கம் விட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் யாராவது வீட்டுக்குப் போவார்களா? வாழ்நாளில் அவர் அப்படிச் செய்ததில்லை. போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஒரு வார்த்தைதான்.

மேலே ஏறினார்.

கல்மடு இருந்த இடத்தில் கென்சோ சொன்னது போல எதுவுமே இல்லை. அழுக்குப் பனி மேடும், வேரோடு பிடுங்கிய மரங்களும், முறிந்த கிளைகளின் பச்சை நாற்றமும். அதன் மேல் ஏறித் தாண்டினார். போன வருடம் அது அவருடைய மடு என்பது அப்போது அவருக்கு நினைவில்லை.

பனிப்பாலம் தெரிந்தது. இரு கரையையும் சேர்த்து வெள்ளையாக வளைந்து நின்றது, அதன் அடியில் இருட்டிலிருந்து ஆறு வெளியே வந்துகொண்டிருந்தது. அந்த மடுவில் தூண்டில் போட ஒரே வழி பாலத்தின் மேல் ஏறி விளிம்பில் மண்டியிடுவதுதான். காலையில் கல்லாகத் தாங்கும். வெயில் ஏறிவிட்டால் நம்பக் கூடாது. போன வருடம் அது மினேயின் முறை. அவர் கீழே காத்திருக்கும் பாறையில் உட்கார்ந்திருந்தார். கதவை மெதுவாகச் சாத்துவது போல ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தபோது விளிம்பு இல்லை, அவளும் இல்லை.

இப்போதும் பாலத்தின் மேல் யாரும் இல்லை.

"மினே," என்று கூப்பிட்டார். "நான் எறங்கறேன். கயோ தனியா காத்துக்கிட்டிருக்கா. வரட்டுமா?"

ஆற்றுச் சத்தம். அதற்குள்ளே வேறொன்று. சொட்டுச் சத்தம். பின்னாலிருந்து.

திரும்பினார்.

காத்திருக்கும் பாறையில் மினே உட்கார்ந்திருந்தாள். அதே நீல மேல்சட்டை. கோல் மடியில் குறுக்கே. கைகள் முழங்காலில். தலையில் தொப்பி இல்லை, நரைமுடி முகத்தை மூடி ஒட்டிக்கிடந்தது. இரண்டு சட்டைக் கைகளிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நிற்காமல் ஒழுகியது. ஒரு துணி அவ்வளவு தண்ணீரைத் தாங்காது. ஆற்றின் ஆழத்துச் சேறு நாறியது.

அவருக்கு முதலில் தோன்றியது ஓர் அற்பச் சந்தேகம். இவள் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்? இது இவளுடைய மடு ஆயிற்றே?

விரலை மடக்கினார். முதல் மடு மினே. அடுத்தது நான். அடுத்தது மினே. கல்மடு.

கல்மடு இல்லை.

என் முறை.

மினே தலையைத் தாழ்த்தினாள். உள்ளங்கையை மேலே காட்டி, பாலத்தை நோக்கி நீட்டினாள்.

கால் தானாக நடந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும்: அந்த மனிதர் ஒரு வருடமாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இரவும் ஒற்றைப் படுக்கையில், என்னையும் கூப்பிட்டுக்கொள் என்றுதான் கேட்டார். பாலத்தின் மேல் முதல் அடி வைத்தார். பனி சொதசொதவென்று உள்வாங்கியது. அடியில் ஆறு உறுமுவது பாதத்தில் தெரிந்தது. இன்னும் இரண்டடி. முன்னால் பார்த்தார், விளிம்பு. பின்னால் பார்த்தார், வாரை இறுக்கிக் கட்டிய கயோவின் விரல்கள் மட்டும் ஏனோ கண்ணுக்குள் வந்தன. குளிரில் சிவந்த விரல்கள். இவரும் போய்விட்டால் அவள் யாருக்கு எதைக் கட்டிவிடுவாள்?

காலைப் பின்னால் எடுத்தார். பாலத்தை விட்டு இறங்கினார்.

"என்னால முடியாது மினே. கோவிச்சுக்காத. புள்ள தனியா நிப்பா." கோலைக் கீழே வைத்தார். "இந்த மடுவ... நான் விட்டேன்."

மினேயின் தலை மெல்ல நிமிர்ந்தது. அவரைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, மேலே, கரையைப் பார்த்தது.

மணி.

கரடியை விரட்ட இடுப்பில் கட்டிக்கொள்ளும் மணி. கிலுங், கிலுங். கரையின் மேல்பாதையில்.

"அப்பா! எங்கப்பா இருக்கீங்க?"

வருவேன் என்று சொன்னாள். வந்துவிட்டாள். மேல்பாதை நேரே பாலத்தின் தலைக்கு வரும். மேலிருந்து பார்த்தால் பாலம் எது, கரை எது என்று தெரியாது. எல்லாம் வெள்ளை.

"நில்லு! கயோ! அங்கேயே நில்லு!"

ஆறு அவர் குரலைத் தின்றது. அவள் காதில் கை வைத்தாள். என்ன என்று சைகை காட்டினாள். நடந்தாள்.

காத்திருக்கும் பாறையைப் பார்த்தார். காலி. ஈரம் மட்டும்.

மினே பாலத்தின் மேல் நின்றாள். விளிம்பில். கோலைத் திருப்பி, பிடியை முன்னால் நீட்டிக்கொண்டு. சின்னப் பிள்ளைக்கு நீட்டிய அதே மாதிரி.

கயோ நின்றாள். அவள் முகம் மாறியது. சத்தம் கேட்கவில்லை, உதடு மட்டும் தெரிந்தது. அம்மா? பிறகு ஒரு சிரிப்பு. எத்தனை வருடமாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து. மடு கிடைத்த பிள்ளையின் சிரிப்பு. கையை நீட்டினாள்.

"என் முறை!" தொகுஜி ஓடினார். விழுந்தார். எழுந்தார். "நான் விடல! மினே, நான் விடல! அது என் முறை! என் முறை!"

கயோவின் விரல்கள் பிடியைப் பற்றின.

கதவை மெதுவாகச் சாத்துவது போல ஒரு சத்தம்.

மணி இன்னும் ஒரு தடவை அடித்தது. பாலத்துக்கு அடியிலிருந்து.

அவர் பனியில் முழங்காலிட்டிருந்தார். பாலத்தின் பாதி போய்விட்டது. மறுபாதி நின்றது. தண்ணீர் சேறாக ஏறிக்கொண்டிருந்தது. அவர் கத்திக்கொண்டிருந்தாரா, வாயை மட்டும் திறந்திருந்தாரா, அவருக்கே தெரியவில்லை.

பின்னால் சொட்டுச் சத்தம் கேட்டது. இரண்டு இடத்திலிருந்து.

திரும்பக் கூடாது என்று நினைத்தார். திரும்பினார்.

காத்திருக்கும் பாறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அம்மாவும் மகளும், தோளோடு தோள் ஒட்டி, கையை முழங்காலில் வைத்துக்கொண்டு. நான்கு சட்டைக் கைகளிலிருந்தும் தண்ணீர் ஒழுகியது. ஒருத்தியின் இடுப்பில் மணி இருந்தது. என் முறை என்று அவர் கேட்டது அவர்கள் காதில் விழுந்திருந்தது. இருவரும் ஒன்றாகத் தலையைத் தாழ்த்தி, உள்ளங்கையை மேலே காட்டி, மிச்சமிருந்த பாலத்தை நோக்கி அவருக்கு வழிவிட்டார்கள்.